பழைய ஏழு சீட்டர் எஸ்யூவி: ரிப்பேர் செலவைச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

16, 17 லட்சத்துக்குப் புதிதாக விற்ற ஏழு சீட்டர் டீசல் எஸ்யூவி, எட்டு ஒன்பது வருடம் கழித்து 6 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அப்பா அம்மா, மாமனார் மாமியார், பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே வண்டியில் போகலாம் என்று வாங்கிவிடுகிறோம். ஆனால் விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் கிளட்ச், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்), டயர் எல்லாம் இன்றைக்கும் 17 லட்ச ரூபாய் வண்டிக்கான விலையில்தான் வரும். முதல் பெரிய பில்லைப் பார்த்ததும் பலர் தடுமாறுவது இதனால்தான்.

சேலத்தில் ஆறு வருடமாக இப்படி ஒரு வண்டியை வைத்திருக்கிறேன். 2015 மாடல், 2,200 சிசி டீசல். வாங்கும்போது 92,000 கிலோமீட்டர், இப்போது 1,68,000. சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இதே மாதிரி வண்டி வாங்கியபோதும் கூடவே ஒர்க் ஷாப்புக்குப் போயிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: வேலைகளின் வரிசையில். அதனால் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் ஓனர்ஸ் மேனுவல். பழைய ஓனர் தரவில்லை என்றால் கம்பெனி இணையதளத்தில் தேடுங்கள். எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எஞ்சின் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்பதெல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி கிடையாது.

சேசிஸ் நம்பர் தெளிவாகத் தெரியும் ஆர்சி போட்டோ போனில் இருக்கட்டும். ஸ்பேர் கடையில் இதுதான் முதலில் கேட்கப்படும்.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறு எண்ணைப் போனில் காட்டும். டயர் காற்று பார்க்கும் கேஜ் ஒன்று. ஒரு நீளநோட்டு. அவ்வளவுதான்.

2. முதலில் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

ரிப்பேர் செலவு திடீரென்று வருவது போலத் தோன்றும். உண்மையில் அதில் பெரும்பகுதி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சேர்ந்துகொண்டே வருவது. எங்கள் வண்டியின் கணக்கு இது.

நாலு டயர் 52,000 ரூபாய். 45,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 15 காசு. ஆயில், ஃபில்டர் சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு 12,000 ரூபாய், அது 1 ரூபாய் 20 காசு. சஸ்பென்ஷன் வேலை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 40,000 ரூபாய், அது 67 காசு. கிளட்ச் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை 50,000 ரூபாய், அது 50 காசு. மொத்தம் 3 ரூபாய் 52 காசு. பிரேக் பேட், பேட்டரி, பல்பு, வைப்பர் எல்லாம் சேர்த்தால் 4 ரூபாய்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 4,000 ரூபாய் தனியாகப் போக வேண்டும். டீசல், இன்சூரன்ஸ் இதில் சேராது. இந்தப் பணத்துக்கு வேறு ஒரு பேங்க் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கிலேயே இருந்தால் பள்ளி ஃபீஸ் கட்டும் மாதத்தில் கரைந்துவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கையில் 6 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதி ஒரு லட்சம் முதல் வருடத்திலேயே தேவைப்படும். செகண்ட் ஹேண்ட் வண்டியைப் பெரும்பாலும் பெரிய செலவு வரும் நேரத்தில்தான் விற்கிறார்கள்.

3. வண்டியை லிஃப்டில் ஏற்றி நீங்களே கீழே நின்று பாருங்கள்

வாங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்ய வேண்டும். எதுவும் கெட்டுப்போகாத நாளில் பார்த்து எழுதி வைத்தால்தான் பிறகு வரும் கோளாறு புதிதா பழையதா என்று தெரியும். லிஃப்ட் இருக்கும் ஒர்க் ஷாப்பில் சோதனைக்கு மட்டும் தனியாகக் காசு கொடுத்துவிடுங்கள். "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால், பார்க்கிற நேரத்துக்கான கூலியை எதிலாவது ஏற்றித்தான் ஆக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை நெடுஞ்சாலைக்கு நம்பாதீர்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போயிருக்கிறது, அல்லது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் செத்திருக்கிறது. புஷ்ஷை மாற்றாமல் அலைன்மென்ட் மட்டும் செய்தால் ஒரு மாதத்தில் மறுபடி இழுக்கும். பலர் இந்தக் காசை இரண்டு மூன்று முறை வீணாக்குகிறார்கள்.

லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பச் சொல்லுங்கள். ரப்பர் புஷ் நல்லதாக இருந்தால் கொஞ்சம் வளைந்து திரும்பி வரும். போனதாக இருந்தால் இரும்பு இரும்போடு தட்டும், ரப்பரில் பிளவு கண்ணுக்கே தெரியும். பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, ஆக்சில் பூட் கிழிசல் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.

டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து மாற்ற வேண்டாம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், ஆயிலில் தண்ணீர் கலக்கிறது.

ரேடியேட்டர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டியது. உள்ளே துருநிறத் தண்ணீர் இருந்தால் யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அதேதான் படியும். படிந்தால் எஞ்சின் சூடாகும். சூடானால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் கேஸ்கெட் போகும், ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோக வேண்டி வரும். ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய சில நூறு ரூபாய் கூலன்ட்டில் (குளிர்விக்கும் திரவம்) மிச்சம் பிடித்தவர் அரை லட்சம் செலவழித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

4. வேலைகளை இந்த வரிசையில் வையுங்கள்

லிஃப்டில் பார்த்த பிறகு பதினைந்து இருபது வேலை கொண்ட பட்டியல் வரும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. நான் பின்பற்றுவது இதுதான்.

முதலில் நிற்பதும் திரும்புவதும்: பிரேக், டயர், ஸ்டியரிங், பால் ஜாயிண்ட். ஏழு பேர் ஏறிய வண்டி இரண்டரை டன்னை நெருங்கும். இதில் தள்ளிப்போடவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டிஓடி 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு போல உள்ளே போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, இன்று சின்னதாக இருந்து நாளை எஞ்சினையே தின்னக்கூடியவை: கூலன்ட் கசிவு, ஆயில் கசிவு, டைமிங் பெல்ட், டீசல் ஃபில்டர். பெல்ட் மாற்றிய ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இப்போதைய டீசல் வண்டிகளில் இருக்கும் காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 1,600 பாருக்கு மேலான அழுத்தத்தில் போகிறது. அந்த அழுத்தத்தில் துளி தண்ணீரும் தூசியும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனையை அரித்துவிடும். ஃபில்டர் ஆயிரக்கணக்கில், நாலு இன்ஜெக்டர் லட்சத்தை நெருங்கும்.

மூன்றாவது கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏசி. கடைசியாக பெயிண்ட், சீட் கவர், டச் ஸ்கிரீன், அலாய் வீல். புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில்தான் தொடங்குகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் 40,000 ரூபாய்க்கு சீட் கவரும் ஸ்கிரீனும் போட்ட என் சித்தப்பா மகன், அடுத்த மாதம் வாட்டர் பம்ப்புக்குக் கடன் கேட்டு வந்தான்.

5. கோளாறைக் கண்டுபிடித்த பிறகே பார்ட்டை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் முன்பு அத்தை, மாமாவோடு ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தோம். ஏழாவது வளைவில் வண்டி இழுவை விட்டுவிட்டது. இரண்டாவது கியரில் மிதித்தாலும் 'உஸ்' என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை, செக் எஞ்சின் விளக்கு. ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஒரு ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். பி0299 என்று ஒரு கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது. "டர்போ போச்சு சார், 62,000 ஆகும்" என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

பி0299 என்றால் டர்போவின் காற்றழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். ஏன் குறைந்தது என்று அந்தக் கோடு சொல்லாது. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டினால் அது டைபாய்டா சாதாரண சளியா என்று தெரியாது அல்லவா, அப்படித்தான்.

நாமக்கல் பக்கம் லாரி டீசல் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "அண்ணே, டர்போவக் கழட்டணும்னு சொல்றாங்க" என்றேன். "இருங்க தம்பி, மொதல்ல காத்து எங்க போகுதுன்னு பாப்போம்" என்று சொல்லி, என்னை ஆக்சிலரேட்டரை மிதிக்க வைத்துவிட்டு டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரல்களால் தடவிக்கொண்டே போனார். கிளாம்புக்குக் கீழே ஓர் இடத்தில் எண்ணெய் பிசுபிசுத்து அதன் மேல் தூசி அப்பியிருந்தது. துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் வளைத்ததும் ஒரு நகநீளப் பிளவு வாய் திறந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போது அது மூடியே இருக்கும், அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும். ஹோஸ் 2,900, கூலி 600. அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு அதே வாரம் மறுபடி ஏற்காடு ஏறிப் பார்த்தேன். இழுவை முழுதாகத் திரும்பியிருந்தது.

ஆகவே, 10,000 ரூபாய்க்கு மேல் எந்த எஸ்டிமேட் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கோடு வந்தது? இந்தப் பார்ட்தான் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது? இதைவிட மலிவான காரணம் எதுவும் இல்லை என்று பார்த்தீர்களா? நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், காட்டுவார்.

அடிக்கடி வரும் இரண்டு கோடுகளையும் சொல்லிவிடுகிறேன். பி0401 வந்தால் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் வால்வு) வழியாகப் போகும் புகை போதவில்லை. பெரும்பாலும் கரி அடைத்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். பி0087 வந்தால் டீசல் அழுத்தம் குறைவு. முதலில் ஃபில்டர், அப்புறம் குழாய்களில் காற்றுக் கசிவு, அதற்கும் அப்புறம்தான் பம்ப், இன்ஜெக்டர்.

இன்ஜெக்டர் நாலையும் மாற்றச் சொன்னால் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட விடுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் கோளாறு அந்த ஒன்றில்தான். பம்ப் சர்வீஸ் கடையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். புது இன்ஜெக்டர் போட்டால் பல வண்டிகளில் அதன் கோடு எண்ணை எஞ்சின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. எந்த வேலைக்கு எந்தக் கடை

வாரண்டி, ரீகால், ஏர்பேக், கம்ப்யூட்டர் புரோகிராமிங்: கம்பெனி சர்வீஸ் சென்டர். ஆயில் சர்வீஸ், பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச்: உங்கள் மாடலை வாரம் இரண்டு மூன்றாவது பார்க்கும் வெளி மெக்கானிக். டீசல் பம்ப், இன்ஜெக்டர்: அதற்கென்றே இருக்கும் கடை. லாரித் தொழில் உள்ள நாமக்கல், சங்ககிரி பக்கம் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுப்பது வசதிதான். ஆனால் தன்னிடம் இல்லாத வேலையை அந்தக் கடை வெளியே கொடுத்து வாங்கும், நடுவில் ஒரு லாபம் ஏறும்.

7. ஸ்பேர் வாங்கும் முறை

பார்ட் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை வாங்குங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் பார்ட் மாறியிருக்கும். பெயரைச் சொல்லி வாங்கி, கழற்றிய பிறகு பொருந்தாமல் வண்டி லிஃப்டிலேயே இரண்டு நாள் நின்ற கதை நிறைய.

பார்ட் நம்பர் கிடைத்ததும் மூன்று விலை கேளுங்கள்: கம்பெனி டப்பாவில் வருவது, அதே பார்ட்டைக் கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் உற்பத்தியாளரின் சொந்த டப்பாவில் வருவது, வேறு பிராண்டு. இரண்டாவது வகையில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது. கிளட்ச், பேரிங், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாவற்றிலும் இது கிடைக்கும். பழைய பார்ட்டைத் துடைத்துப் பாருங்கள், செய்தவரின் பெயர் அதிலேயே பொறித்திருக்கும்.

சென்னையில் ஜிபி ரோடு புது ஸ்பேருக்கு, புதுப்பேட்டை பழைய ஸ்பேருக்கு. பழையதில் கதவு, பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, சீட், ஏசி கண்ட்ரோல் போன்றவை தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், பெல்ட், ஏர்பேக், சீட் பெல்ட் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன ஸ்பேர் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பில்லில் 28 என்று இருந்தால் கேளுங்கள்.

8. வண்டியை விடும்போதும் எடுக்கும்போதும்

விடும்போது ஜாப் கார்டில் (ஒர்க் ஷாப்பின் வேலைச் சீட்டு) அறிகுறியை எழுதுங்கள், தீர்வை எழுதாதீர்கள். "ஷாக் அப்சார்பர் மாற்றவும்" என்று எழுதினால் மாற்றிவிடுவார்கள், சத்தம் அப்படியே இருக்கும். "20 வேகத்தில் ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது முன் இடது பக்கம் டக் என்று சத்தம்" என்று எழுதினால் சத்தம் போக வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்துவிடுங்கள்.

கிலோமீட்டர், டீசல் அளவு இரண்டையும் போட்டோ எடுங்கள். "எஸ்டிமேட்டுக்கு மேல் எது வந்தாலும் போன் செய்து கேட்ட பிறகே" என்று கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய பார்ட் எல்லாம் திரும்ப வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்டால் குப்பையில் போய்விட்டிருக்கும்.

எடுக்கும்போது பணம் கட்டும் முன் ஓட்டிப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம் என்பார்கள். மாற்றிய பார்ட் மூன்று மாதத்தில் போனால் வாரண்டி கேட்க உங்களிடம் காகிதமே இருக்காது. பில்லோடு பேசியும் தீராத தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுக்கு வந்ததும் தேதி, கிலோமீட்டர், வேலை, பார்ட் நம்பர், தொகை இவற்றை நோட்டில் எழுதுங்கள்.

9. இன்சூரன்ஸில் எவ்வளவு வரும்

சாதாரண முழு பாலிசியில் பார்ட் விலைக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 சதவீதம். இரும்புப் பாகங்களுக்கு வண்டி வயது 5 முதல் 10 வருடம் என்றால் 40, அதற்கு மேல் 50. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. 1,500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 2,000 ரூபாய் கட்டாயம் நம் கையிலிருந்து போகும்.

12,000 ரூபாய் பம்பர் உடைந்தது என்று வையுங்கள். பாதி கழிந்து 6,000, அதில் 2,000 போனால் வருவது 4,000. இதற்காக கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவருக்கு சொந்தச் சேத பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்கு அது 50 சதவீதம். அதனால் சின்ன அடிக்குக் கைக்காசு, பெரிய அடிக்கு மட்டும் இன்சூரன்ஸ். தேய்மானம் கழிக்காத பாலிசி கிடைக்கும் வயதுவரை எடுங்கள்.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பரிலும் பலர் எஞ்சினை இழந்தது இப்படித்தான். இந்தச் சேதத்தை சாதாரண பாலிசி ஏற்காது, எஞ்சின் புரொடக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

10. பில்லைக் குறைக்கும் ஓட்டும் பழக்கம்

பிஎஸ்6 (2020 முதல் அமலான புகை விதி) டீசல் வண்டி என்றால் அதில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை எரிக்கப் புகைக்குழாயில் 600 டிகிரி அளவுக்குச் சூடு வர வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது வராது. வாரம் ஒருமுறை பைபாஸில் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். தினமும் சின்ன தூரம் மட்டும்தான் ஓட்டம் என்றால் டீசலே உங்களுக்கு வேண்டாம்.

ஏழு பேரும் சாமானும் ஏறினால் டயர் காற்று வேறு. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் முழு லோடுக்கான அளவு தனியாக இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நின்றதும் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள், டர்போ குளிரட்டும். கிளட்ச் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டாதீர்கள்.

11. எதுவரை செலவு செய்வது

"வண்டி விலையே 5 லட்சம், ரிப்பேர் ஒரு லட்சமா" என்று ஒப்பிடுவது தவறான ஒப்பீடு. இந்த வண்டிக்குப் பதில் வேறு வண்டிக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். 15 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 31,100 ரூபாய் தவணை. வருடத்துக்கு மூன்றே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமாக வரும்.

நான் வருடா வருடம் ஜனவரியில் அடுத்த 12 மாதத்தில் வரக்கூடிய வேலைகளை நோட்டைப் பார்த்து எழுதுவேன். மொத்தம் அந்த வருடத் தவணையில் பாதிக்குள் இருந்தால் வைத்துக்கொள்வேன். இதற்கு இரண்டு விதிவிலக்கு உண்டு: சேசிஸில் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால் அல்லது ஒரே கோளாறு மூன்று முறை சரிசெய்தும் திரும்பினால் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும். ஆர்சி 15 வருடத்தில் முடிகிறது, புதுப்பிக்கும்போது தகுதிச் சோதனை உண்டு. 14-வது வருடத்தில் பெரிய எஞ்சின் வேலை வந்தால் அதையும் சேர்த்து யோசியுங்கள்.

விற்பது என்று முடிவானால் கிளட்ச், டயர் போன்ற பெரிய வேலையைச் செய்யாதீர்கள், போட்ட காசு விலையில் திரும்பாது. பிரேக் மட்டும் சரிசெய்துவிடுங்கள், வாங்குகிறவரும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டுதான் போவார். மீதிக் கோளாறுகளைச் சொல்லிவிட்டு, நோட்டையும் பில்களையும் அவர் கையில் கொடுங்கள்.